பாலத்தின் மேல் பதினொரு கடைகள்

போட்டோ ஸ்டுடியோக்காரி ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அவளைப் பிடித்து நிறுத்த ஊரில் ஆள் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை அவள் இறங்கிய காரியம், ஊரிலுள்ள பதினொரு கடைகளையும் போன் மேப்பில் ஏற்றுவது.

காரணம் அவள் வீட்டுக் கட்டிலுக்கடியில், ஒரு சூட்கேஸாக இருந்தது. அவள் புருஷன் வெல்டர். புறவழிச்சாலை வந்த பிறகு வண்டிகள் ஊரைத் தொடாமலே பறந்தன. பட்டறையில் மனுஷன் ஈ ஓட்டினார். கடைசியில், "பூட்டிட்டு நகரத்துல கம்பெனி வேலைக்குப் போறேன். திங்கக்கிழமை காலைல பஸ்" என்று சொல்லி, சூட்கேஸையும் கட்டிவிட்டார். பன்னிரண்டு வருஷமாக தினமும் சண்டை போட்ட மனுஷன். அவர் போய்விட்டால் அவள் யாரோடு சண்டை போடுவாள்? ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கேமராவைத் தூக்கினாள்.

பட்டறையின் முன்னறைதான் அவள் ஸ்டுடியோ. நீலத் துணி, ஒரு ஸ்டூல், சீப்பு தொங்கும் கண்ணாடி. பின்னால் அவர் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் இங்கே விளக்கு மங்கும். படத்துக்கு உட்கார்ந்தவர் பயந்து கண்ணை மூடுவார். அவள் சுவரைத் தட்டிக் கத்துவாள். இரண்டு மாதமாக விளக்கு ஒரு தடவைகூட மங்கவில்லை. இப்படிப் பளிச்சென்று எரியும் விளக்கை அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கடை கடையாக ஏறினாள். தச்சர் தான் செய்த நாற்காலி மூன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். தையல்காரம்மா, "என் போர்டுல ஒரு எழுத்து உதிர்ந்து கிடக்கு, அது தெரியாம எடும்மா" என்றாள். எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டதற்கு சைக்கிள் கடைக்காரர் நிதானமாக யோசித்து, "நான் முழிச்சிக்கிற நேரம்னு போட்டுடு" என்றார். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஊருக்குள் போன் பேசலாம், ஆனால் நெட் கிடைக்காது. அதற்குப் புறவழிச்சாலையில் இருந்து ஊர்ப்பாதை பிரியும் கால்வாய்ப் பாலத்துக்குப் போக வேண்டும். போனாள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொரு கடையாக ஏற்றினாள். கடை எங்கே இருக்கிறது என்று போன் கேட்டது. 'இப்போது இருக்கும் இடம்' என்று ஒரு பொத்தான் தயாராக இருந்தது. அமுக்கினாள். பதினொரு கடைக்கும் பதினொரு அமுக்கு. ஆகா, எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

புருஷனின் பட்டறைக்கு நேரம் போடும்போதுதான் விரல் தயங்கியது. வெள்ளி, சனி, ஞாயிறுக்கு மடமடவென்று போட்டாள். திங்கட்கிழமையில் இருந்து அப்படியே காலியாக விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் போன் அடித்தது. வெல்டர் தெரியாத நம்பரை எடுக்கிற ரகம் இல்லை என்பதால் பட்டறைக்கும் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

"அக்கா, மேப்புல பார்த்தா உங்க வெல்டிங் பட்டறை மேலதான் நிக்கிறேன். ஆனா கீழ தண்ணிதான் ஓடுது! அறுவடை மெஷின் சட்டம் உடைஞ்சுபோச்சு, மழை வேற வர்ற மாதிரி இருக்கு. பட்டறை எங்கக்கா?"

அவளுக்குப் பளீரென்று உறைத்தது. பொத்தானை அமுக்கியபோது அவள் இருந்த இடம் பாலம். தச்சர், தையல், சைக்கிள் எல்லாம் இரண்டு நாளாகக் கால்வாய்க்கு மேலே கடை விரித்திருக்கின்றன! "அங்கேயே நில்லுங்க தம்பி, ஒரு அடி நகராதீங்க!" என்று கத்தியபடி ஓடினாள். ஒரு செருப்பு தச்சர் கடை வாசலிலேயே தங்கிவிட்டது.

பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றது மெஷின். அவள் முன்னால் ஓட, அது பின்னால் உறுமிக்கொண்டு வர, வேடிக்கை பார்க்க ஊரே வாசலுக்கு வந்தது. பட்டறை வாசலில் வெல்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"என்னடி இது?"

"வேலைங்க, வேலை! மானம் இருட்டுது, சீக்கிரம்!"

அவர் உள்ளே ஓடினார். அதே வேகத்தில் வெளியே வந்தார். "முகமூடி எங்க?"

"நீங்கதானே சூட்கேஸ்ல வச்சீங்க!"

அவளே வீட்டுக்கு ஓடினாள். கட்டிலுக்கடியில் இருந்து சூட்கேஸை இழுத்துக் கவிழ்த்தாள். சட்டைகள் தரையெங்கும் சிதறின. அவளுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

அவள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஸ்டுடியோவுக்குள் நின்றாள். பின்னால் பொறி பறந்தது. விளக்கு மங்கியது. வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கியது. "மங்கு, நல்லா மங்கு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். முதல் தூறல் விழுவதற்குள் சட்டம் ஒட்டிவிட்டது. டிரைவர் அதை உதைத்துப் பார்த்துச் சிரித்தார். "எங்க கூட இன்னும் நாலு மெஷின் ஓடுது அண்ணே. ரெண்டுல விரிசல் இருக்கு. நாளைக்குக் காலைல அனுப்பச் சொல்லட்டுமா?"

வெல்டர் விரல் விரலாகக் கையைத் துடைத்தார். அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். "போன் பண்ணிச் சொல்றேன்" என்றார் கடைசியில். அவளுக்குப் பாதி உயிர்தான் வந்தது.

மழை விட்டதும் கடைகளை அந்தந்த இடத்துக்கு நகர்த்த அவள் பாலத்துக்குக் கிளம்பினாள். கூப்பிடாமலே அவரும் கூட வந்தார். தையல்காரம்மா வழியில் மறித்து, "நீச்சல் உடை தைக்கவா என்னை அங்க உட்கார வச்சே?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டாள். பாலத்துச் சுவரில் இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கடையையும் அவள் விரலால் தள்ளித் தள்ளி ஊருக்குள் சேர்த்தாள். பட்டறைக்கு வந்ததும் அவர் போனை வாங்கிப் பார்த்தார்.

"திங்கக்கிழமையில இருந்து ஏன் காலியா இருக்கு?"

"மூடியிருக்கும்னு போடக் கை வரலைங்க. திறந்திருக்கும்னு பொய் சொல்லவும் மனசு வரல." அவள் கால்வாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவர் தடித்த விரலால் இரண்டு தடவை தப்பாக அமுக்கினார். மூன்றாவது தடவை எட்டு மணி என்று சரியாக விழுந்தது.

"காலைல எட்டு போட்டாச்சு" என்றார். "சாயங்காலம் எத்தனை மணிக்குடி மூடுறோம்?"