மீட்டரைத் தொடாத மெக்கானிக்

பழைய அம்பாசடருக்கு டீசல் இன்ஜினும் கியர்பாக்ஸும் மாற்றுவதில் கடலூரில் எனக்குப் பேர் உண்டு. அப்படி மாற்றிய ஒரு வண்டி, அறுபதில் போனால் எண்பது காட்டியது. மூன்று தடவை மீட்டரைப் பிரித்தும் பலனில்லை. வேறு வழியின்றி சிதம்பரத்துக்கு ஓட்டிப்போனேன்.

அங்கிருந்த மெக்கானிக் ஒல்லியான ஆள், காதில் பென்சில். மீட்டர் கேபிளைக் கழற்றி, அதன் நுனியில் காகிதத்துண்டைச் சொருகிவிட்டு, தரையில் அளந்து கோடு போட்ட தூரத்துக்கு என்னையே வண்டியைத் தள்ளச் சொன்னார். காகிதம் சுற்றுவதை நிதானமாக எண்ணினார்.

“மீட்டரு நல்லாத்தான் இருக்கு மச்சான். கியர்பாக்ஸ்ல கேபிள சுத்துற சக்கரத்துக்குப் பல்லு பத்தல, அதான் கேபிள் வேகமா சுத்துது. ஜாஸ்தி பல்லு உள்ளதா போட்டா சரியாப் பூடும்.”

போட்டார். முள் எங்காவது தப்புமா என்று போனில் ஜி.பி.எஸ். காட்டிய வேகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே திரும்பினேன். தப்பவே இல்லை. வயிறு எரிந்தது.

“கரெக்டா காட்டுதே, யாரு பண்ணது?” என்றார் கார்க்காரர்.

“நான்தான்” என்றேன். அந்தச் சிதம்பரத்து மெக்கானிக்கின் பெயரைக் கேட்காமல் வந்தது அப்போது வசதியாக இருந்தது.