நல்லாத்தான் கீறோம் சார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பம் எல்.டி.சி.யில் ஊர் சுற்றக் கிளம்பினால், அது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயமாக இருக்காது. அரசாங்கம் தருகிற பயணச் சலுகை அது. ஆனால் பிளாக் மொத்தமும் தானே கொடுத்து அனுப்புவதுபோல ரயில் நிலையத்துக்கு வந்து மாலை போட்டு வழியனுப்பும். திரும்பும்போதும் அதே கூட்டம் மாலையோடு நிற்கும். காசிக்குப் போனவர்கள் கங்கைத் தண்ணீரைச் சொம்பில் காட்ட வேண்டும், டில்லிக்குப் போனவர்கள் போட்டோவைக் காட்ட வேண்டும். ஒரு வருஷம், பாதி வழியில் வயிற்றுக் கோளாறு வந்து திரும்பிவிட்ட குடும்பத்தைப் பற்றி எங்கள் பிளாக் அடுத்த தீபாவளி வரைக்கும் பேசியது.

அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு என் கணவர் இமயமலைப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். வழிகாட்டி ஒருவர் கூடவே வருவாராம். கூடாரத்தில் தங்கி, நாள்கணக்கில் நடந்து, கடைசியில் ஒரு பனிக் கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் இறங்க வேண்டுமாம். தொழிற்சாலை நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்தது. என் பெயரையும் சேர்த்தே கொடுத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேட்டா நீ வரமாட்டேன்னு சொல்லுவே. ஐஸ்ஸ நேர்ல பார்க்கலாம், வாமே" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஆசையும் இருந்தது. நான் ராணுவத்துக்குத் துணி தைக்கும் இடத்தில் வேலை பார்த்தேன். குளிர்க் கோட்டுகளில் பொத்தான் நுழையக் காஜா எடுத்து, பொத்தான் தைப்பது என் வேலை. சித்திரை வெயிலில் முதுகில் வியர்வை வழிய, கம்பளி மடியில் கிடக்க, பனியில் நிற்கப்போகிற யாரோ ஒருவனுக்காகப் பொத்தான் தைப்பேன். எனக்குத் தெரிந்த பனி மார்கழியில் கோலம் போடும்போது தலையில் முக்காடு போட வைக்கிற பனிதான். தைத்த கோட்டுக்கு என்ன வேலை என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவர் ஆசை வேறு மாதிரி. அவருடைய அப்பா, அம்மா கோவில்பதாகையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் தொழிற்சாலைக்குள் ஃபிட்டராக நுழைந்த முதல் ஆள் இவர். இனி எதிலும் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. கணவாயின் மேல் நின்று எடுக்கப்போகிற போட்டோவை ஹாலில் எந்த இடத்தில் மாட்டுவது என்றுகூட முடிவு செய்து, கிளம்பும் முன்பே ஆணி அடித்துவிட்டார்.

பயிற்சி என்று ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்தில் ஏறுவதற்கு மலை ஏது? இருப்பதிலேயே உயரம் ஏரிக்கரைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லிவரை பஸ்ஸில் போய், அங்கிருந்து புதுப் பூட்ஸோடு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு நடப்போம். முதுகுப் பையில் கனத்துக்காக ரேஷன் அரிசி. பூந்தமல்லி டீக்கடையில் ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, ஊட்ட காலி பண்ணிகினு போறீங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், என் கணவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்பவர், "இல்ல அண்ணாத்தே, இமயமலைக்குப் போறோம். இது ஷார்ட்கட்டு" என்றார். கடையே சிரித்தது. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. கரையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

எங்கள் சின்ன மகளைக் கோவில்பதாகையில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, மாலையும் கழுத்துமாக ரயில் ஏறினோம்.

மலை அடிவாரத்தில் வழிகாட்டி காத்திருந்தார். குள்ளமான மனிதர், அதிகம் பேசமாட்டார். அவருக்கு உதவியாளர் ஒருவர், சாமான் சுமக்கக் கோவேறு கழுதைகள். வழிகாட்டிக்கு இந்தி மட்டும்தான். எங்கள் கூட்டத்தில் கொஞ்சமாவது இந்தி பேசத் தெரிந்தவள் நான். குவார்ட்டர்ஸ் மாடி வீட்டில் இருந்த வடநாட்டுப் பெண்ணிடம் தண்ணீர்ச் சண்டை போட்டே கற்றுக்கொண்ட இந்தி. சண்டைக்கான வார்த்தைகள் நிறைய தெரியும், மரியாதையான வார்த்தைகள் குறைவு. அதை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

வாடகைக்குக் கொடுத்த கோட்டை வாங்கியதும் நான் முதலில் பார்த்தது காஜாவைத்தான். சுமார் வேலை. நூல் பிரிந்து கிடந்தது. ஊசி எடுத்து அன்று மாலையே எங்கள் இருவர் கோட்டையும் சரி செய்தேன்.

வழிகாட்டி தினமும் காலையில் எங்களை வட்டமாக நிற்க வைப்பார். தலைவலி இருக்கிறதா, வாந்தி வந்ததா, தூங்கினீர்களா என்று பொதுவாகக் கேட்பார். நான் தமிழில் சொல்வேன். உடனே எல்லோரும் நிமிர்ந்து நின்று ஒரே குரலில், "நல்லாத்தான் கீறோம் சார்!" என்பார்கள். நானும் சேர்ந்துதான் சொல்வேன்.

அது பொய் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. காலையில் ஆஜர் எடுக்கும்போது மேற்பார்வையாளர் கேட்டால் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். தலைவலி என்று வாயைத் திறந்தால் டிஸ்பென்சரிக்குப் போ என்பார்கள், அன்றைக்கு ஓவர்டைம் போகும், கூட நிற்பவன் தலையில் நம் வேலையும் விழும். யாரும் போட்ட சட்டம் இல்லை, நாங்களே பழகிக்கொண்டது. ஜுரத்தோடு மெஷினில் உட்கார்ந்தவர்களைத்தான் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று சொல்வோம். அந்தப் பழக்கத்தை அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாயோடு சேர்த்து மலைக்கும் கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தோம். நான் இந்தியில் மாற்றிச் சொன்ன பதிலைக் கேட்டு வழிகாட்டி சந்தோஷப்பட்டார். இவ்வளவு உறுதியான ஆட்களை நான் பார்த்ததில்லை என்றார். நாங்களும் பூரித்துப் போனோம்.

கணவாய்க்குக் கீழே கடைசிக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்த அன்று என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. சப்பாத்தி பிடிக்கவில்லை என்றார். எங்களில் யாருக்குமே பிடிக்கவில்லை, அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை நான் கூடாரத்தைவிட்டு வெளியே வந்தேன். சுற்றிலும் பனி. கண் கூசியது. எத்தனை வருஷம் நான் தைத்த கோட்டுகள் இங்கேதானே வந்திருக்கும் என்று நினைத்து அழுகைகூட வந்தது. திரும்பி அவரைக் கூப்பிட்டேன்.

வெளியே வந்தார். கோட்டின் பொத்தான்களைத் தப்பாகப் போட்டிருந்தார். இரண்டாவது பொத்தான் முதல் காஜாவில். வரிசை முழுக்க மாறி, ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

வேறு யாராவது என்றால் குளிரில் விரல் மரத்துவிட்டது என்று விட்டிருப்பேன். இவர் வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையைக்கூட தானே இஸ்திரி போட்டு, கண்ணாடி முன் நின்று காலரைச் சரி பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். அந்த மனிதரா? "என்னங்க இது?" என்று கேட்டு அவிழ்க்கச் சொன்னேன். மறுபடி போட முயன்றார். பொத்தானைக் காஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெறும் துணியில் வைத்து அழுத்தினார். மறுபடியும் அதே இடத்தில் அழுத்தினார்.

"தலை வலிக்குதா?"

"கம்முனு இரு. கொஞ்சமா வலிக்கிது. நேத்துலேர்ந்து. மேல போயிட்டு வந்தா சரியாப் பூடும்."

அதற்குள் வழிகாட்டி வட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல, "நல்லாத்தான் கீறோம் சார்!" என்று எல்லோரும் சொன்னார்கள். என் கணவர் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பலமாகக் கேட்டது.

நான் சொல்லவில்லை. "இல்லை. இவருக்கு நன்றாக இல்லை" என்று இந்தியில் கத்தினேன்.

மொழி தெரியாவிட்டாலும் நான் என்ன சொன்னேன் என்று என் கணவருக்குப் புரிந்துவிட்டது. "ஏய், இன்னா சொன்னே அவனாண்ட?" என்று என்னை முறைத்த முறைப்பு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. குவார்ட்டர்ஸ் ஆட்கள் முன்னால் இதுவரை நான் அவரை விட்டுக்கொடுத்ததே இல்லை.

வழிகாட்டி பனியில் காலால் ஒரு கோடு கிழித்தார். ஒரு குதிகாலை அடுத்த காலின் விரலில் ஒட்டி வைத்து, கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். ஏரிக்கரையில் அத்தனை முறை ஏறி இறங்கிய மனிதர், சமதரையில் கொஞ்ச தூரம்கூட நடக்க முடியாமல் சாய்ந்தார். எழுந்து, பூட்ஸ் வழுக்குகிறது என்றார். இன்னொரு முறை சாய்ந்தார்.

உயரம் மூளையைப் பாதிக்க ஆரம்பித்துவிட்டது, இப்போதே இறங்க வேண்டும், இன்றைக்கு மேலே கூட்டிப் போனால் திரும்பக் கூட்டி வருவேன் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார் வழிகாட்டி. இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். என் வாயாலேயே சொன்னேன். நாத்தனார் வீட்டு வாசலில் நின்று டாட்டா காட்டிய மகள் முகம்தான் எதிரில் நின்றது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் மெல்ல, "எனக்குங்கூட நேத்து வாந்தி வந்துச்சு" என்றார். இன்னொருவர், "எனக்குத் தலைவலி" என்றார். உறுதியான ஆட்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். வழிகாட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோரையும் கோட்டில் நடக்க வைத்துப் பார்த்தார். மற்றவர்கள் தேறினார்கள். அன்று ஓய்வெடுத்துவிட்டு அவர்கள் அடுத்த நாள் ஏறுவது, நாங்கள் மட்டும் உதவியாளரோடு உடனே இறங்குவது என்று முடிவானது.

இறங்குகிற வழியெல்லாம் அவரைக் கோவேறு கழுதையின் மேல் உட்கார வைத்து, உதவியாளர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தோம். முதலில் என்னைத் திட்டினார். அப்புறம் எதுவுமே பேசவில்லை. திட்டினதே தேவலை என்றிருந்தது எனக்கு. "ஏங்க, பேசுங்க. திட்டவாவது திட்டுங்க" என்று கெஞ்சிக்கொண்டே நடந்தேன். எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பனி முடிந்து புல் வந்தது. புல் முடிந்து மரம் வந்தது. முதல் மரத்தைப் பார்த்தபோது அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பொழுது சாய்வதற்குள் கீழே ஒரு கிராமத்துக்கு வந்து, ஒரு வீட்டின் அடுப்போரம் அவரைப் படுக்க வைத்தோம். அந்த வீட்டம்மா உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, "இன்னாமே, அந்த ஊறுகா டப்பா எங்க? மேலயே உட்டுட்டு வந்துட்டியா?" என்றார்.

என் வயிற்றில் பாலை வார்த்தார். நான் சிரித்தேன், அழுதேன், மூக்கைச் சிந்தினேன். வீட்டம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சேர்ந்து சிரித்தாள். டப்பா என் பையில்தான் இருந்தது. ஆவக்காயைத் தொட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு தின்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சரியான காஜாவில் போட்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே மெதுவாகப் போட்டார். அன்று மாதிரி நிம்மதியாக நான் மூச்சு விட்டதே இல்லை.

ஆனால் உயிர் வந்ததும் ரோஷமும் வந்துவிட்டது. மற்றவர்கள் கணவாயைத் தாண்டி வந்து சேர்ந்துகொண்ட பிறகு, டில்லியிலிருந்து சென்ட்ரல்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மேலே பார்த்ததையெல்லாம் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். இவர் "ம்" கொட்டவில்லை. என்னிடம் தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் கேட்டார். எனக்கும் கோபம். ஆளைக் காப்பாற்றிக் கூட்டி வந்தால் கிடைக்கிற மரியாதை இதுதானா? இருந்தாலும் அவர் தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

சென்ட்ரலில் இறங்கி மின்சார ரயில் பிடித்தோம். அம்பத்தூர் தாண்டியது. ஆவடியில் பிளாக் மொத்தமும் நிற்கும். ஹாலில் ஆணி காத்திருக்கிறது, மாட்ட போட்டோ இல்லை. இந்த மனிதர் என்ன சொல்லப்போகிறார்? மேலே போனேன் என்று புளுகினால் கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். நான்தான் கெடுத்தேன் என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது.

நினைத்தபடியே நின்றார்கள். நாத்தனார், அவள் இடுப்பில் என் மகள், மாலைகள். குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் என் கணவர் கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டே, "இன்னா மச்சான், உச்சி வரிக்கும் ஏறினியா? போட்டோ எங்க?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்.

இவர் மாலையைக் கழற்றினார். கூட்டத்துக்கு நடுவில் என் பக்கம் திரும்பி, அதை என் கழுத்தில் போட்டார்.

"நான் ஏறல மாமே. செத்துப் பூட்டிருப்பேன். இவதான் எறக்கி இட்டுகினு வந்தா."

மகள் நாத்தனார் இடுப்பிலிருந்து அப்படியே அவர் மேல் தாவினாள். அவளைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், குவார்ட்டர்ஸ் பக்கம் நடக்க ஆரம்பித்தார். கால் ஒரு கோட்டில் நேராகத்தான் போனது. நான் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனேன்.