வெள்ளை வளையம்

ராசம்மா பயந்தவள்தான். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவளை ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எந்த நாட்டுக்காரியும் இல்லாமல் ஆக்கிவிட்டது. புருஷன் போன பிறகு பதுளைக்கு வந்து, கடைவீதிக்கு மேலே வாகை மரத்தடியில் வடை சுட்டுப் பிழைத்தாள். ஐம்பத்தெட்டு இனக்கலவரத்துக்குப் பிறகு காக்கிச் சட்டையைத் தூரத்தில் கண்டாலே அவள் அடுப்பு அணைந்துவிடும்.

அந்தத் தெருமரங்களை வெட்டிச் சாலையை அகலமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆசிரியர் கனகரத்தினமும் துணிக்கடை இப்றாஹீமும் பட்டணப் பிரஜைகள் சங்கம் என்று ஒன்றைக் கூட்டி அலையாய் அலைந்தார்கள். முன்பே மரம் போன இடங்களில் கன்றும் நட்டார்கள்.

"நீங்களும் சங்கத்திலை சேருங்கோவன், அம்மா," என்றார் ஆசிரியர்.

"நான் பிரஜை இல்லீங்களே, ஐயா. யாராவது கேட்டா என்னையத்தான் புடிப்பாங்க."

ஆனாலும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியது அவள்தான், ஆளில்லாத நேரம் பார்த்து.

கடைசியில் சாலை அதிகாரி இறங்கி வந்தார். பட்டுப்போன இரண்டு மரங்கள் மட்டும் விழும், மற்றவை நிற்கும் என்றார். அன்று பகலே ஓர் ஆள் வந்து அந்த இரண்டு பட்ட மரங்களுக்கும் சுண்ணாம்பு வளையம் போட்டுப் போனான்.

ராசம்மா அதைப் பார்த்தாள். அவள் வளர்ந்த தோட்டத்தில் காடு வெட்டும்போது, விட்டுவைக்க வேண்டிய மரத்துக்குத்தான் வெள்ளை பூசுவார்கள். படுபாவி, செத்த மரத்தைக் காப்பாற்றிவிட்டு உயிருள்ளதை வெட்டக் கொடுத்துப் போகிறானே! யாரிடம் போய்ச் சொல்வது? சாயங்காலம் சுண்ணாம்பைக் கரைத்து, நல்ல மரங்களுக்கெல்லாம் தன் கையாலேயே வளையம் போட்டாள்.

மறுநாள் காலை வெட்டாட்கள் வந்தார்கள். கயிறு ஏறியது பட்ட மரத்தில் அல்ல, அவள் அடுப்புக்கு மேலே நின்ற வாகையில்.

"ஏப்பா, இது நல்ல மரமில்ல?" என்றாள்.

"வெள்ள போட்டதெல்லாம் விழணுமாம், அக்கா. நீங்க அடுப்பத் தூக்குங்க."

ஆசிரியர் பள்ளிக்கூடத்தில். இப்றாஹீம் முதலாளி பண்டாரவளையில். சாலையை மறித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றார். சந்து வழியாக இறங்கிப் போய்விட்டால் யார் கண்டார்கள்? சட்டியை எடுத்துக் கூடையில் வைத்தாள். எண்ணெயைப் போத்தலில் ஊற்றும்போது பாதி கீழே கொட்டியது.

முதல் வெட்டு விழுந்தது. அடுத்ததற்குக் கோடாரி உயர்வதற்குள் அவள் அடிமரத்தோடு ஒட்டி நின்றாள். ஏன் போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்த வெள்ள நான் போட்டதுங்க. தெரியாமப் போட்டுட்டேன். ஆபீசு போட்டது அந்தப் பட்ட மரம் ரெண்டுந்தான்." சுண்ணாம்பில் வெந்திருந்த விரல்களை நீட்டிக் காட்டினாள்.

வெட்டாட்கள் கோடாரியை இறக்கினார்கள். போலீஸ்காரர்தான் நேராக அவளிடம் வந்தார்.

"சாலை மரத்தில் கை வைக்க நீ யார்?"

பத்து வருஷமாக அவள் பயந்திருந்த கேள்வி. ராசம்மா முதுகை மரத்தில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"பிரஜைகள் சங்கத்து ஆளுங்க," என்றாள்.