உள்ளே இருந்து பார்த்த படம்

சிவஞானம் மாஸ்டர் அறுபது வயதில் ஓய்வு பெற்றார். அறுபத்தொன்றில், மாலைதீவில் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போக விண்ணப்பித்தார். தெமோதரைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் அனுப்பிக் கொடுத்த கடைக்கார றஹீம். மற்றவள் மகள் நிசாந்தினி.

மனைவி பெரியாயிதான் முதலில் சிரித்தாள்.

“இத்தன வருசம் மனுசப் புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தீங்க. இனி மீனுக்கா?”

“மீனு ஒழுங்காக் கேக்கும். ஒன்ன மாதிரிக் குறுக்கப் பேசாது,” என்றார் அவர்.

முப்பத்து நான்கு வருடம் அவர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். அங்கே பதினோராம் ஆண்டுச் சாதாரண தரத்தோடு வகுப்பு முடிந்துவிடும். மேலே கணக்குப் படிக்க வேண்டுமானால் பதுளைக்குப் போக வேண்டும். பஸ் ஏறிப் போனவர்கள் சிலர். கூடையோடு மலை ஏறியவர்கள் பலர். நாற்பத்தைந்து வயதில் அவர் வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் எடுத்தார். உயர்தரக் கணக்குப் படிப்பிக்க வேண்டும் என்பதற்காகவே எடுத்தார். அந்த வகுப்பு வரும் வரும் என்றார்கள். அது வருவதற்குள் அவருக்கு அறுபது வந்துவிட்டது.

தீவுப் பள்ளிக்கூடம் கேட்டது உயர்தரக் கணக்கு ஆசிரியரை. அந்த வரியை றஹீமின் கடையில் மூன்று தடவை வாசித்தார். சம்பளம் எவ்வளவு என்று றஹீம்தான் பார்த்துச் சொன்னார்.

விசாவுக்கு மருத்துவச் சான்று வேண்டும். அதற்கு நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும். நிசாந்தினி பதுளையில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் எக்ஸ்ரே எடுப்பவள். வேறு எங்கும் போக அவர் சம்மதிக்கவில்லை.

ஜனவரி மாதம் ஒரு புதன்கிழமை வந்தார். சட்டையைக் கழற்றி, நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நின்றார்.

“மூச்ச இழுங்கப்பா. பிடிங்க.”

“எவ்வளவு நேரம்?”

“பேசாதீங்க. பேசினாப் படம் ஆடும்.”

“நான் வகுப்புல சொன்னத எல்லாம் நீ எனக்கே திருப்பிச் சொல்ற,” என்றார். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்தார்.

திரையில் படம் வந்தது. இடது நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குப் பின்னால், ஒரு வெள்ளைத் திட்டு. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். நிசாந்தினி பயப்படவில்லை. தோட்டத்து ஆட்களின் நெஞ்சுப் படத்தில் இப்படித் தழும்பு காண்பது புதிதல்ல. வரிசை வீடுகளான லயத்தில் ஒரே காம்பராவில் ஏழு பேர் படுத்து எழும்பிய காலத்துக் காசநோய், ஆறிய பிறகு விட்டுப்போன அடையாளம். அப்பாவுக்கு இருபத்து நான்கு வயதில் அந்த நோய் வந்து மாறியது. அவருடைய தழும்பை அவள் ஆறு வயதிலிருந்து அறிவாள்.

அது அவர்கள் வீட்டுக் குசினிச் சன்னலில் இருந்தது. ஒரு பந்து கண்ணாடியை உடைத்த வருடம், அப்பா தன் பழைய எக்ஸ்ரே படத்தை அளவுக்கு வெட்டி அந்த ஓட்டையில் வைத்து ஆணி அடித்தார். நெஞ்சின் மேல் பாதி மட்டும் மிஞ்சியது. அவள் குசினி வாங்கில் உட்கார்ந்து ரொட்டி தின்னும்போதெல்லாம் வெளிச்சம் அந்த விலா எலும்புகளுக்கு ஊடாகத்தான் வந்தது. வலது கைப்பக்கம், மேலே, ஒரு வெள்ளைப் பொட்டு. பின்னால் படிக்கப் போனபோது, பார்ப்பவரின் வலது என்றால் நோயாளியின் இடது என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவின் தழும்பு இடது உச்சி என்று அன்றைக்கே மனதில் பதித்துக்கொண்டாள்.

அறிக்கை எழுதுகிற டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது பழசோ, பிள்ளை?”

“பழசு சேர். டீபி வந்து மாறினது.”

“முந்தின படம் இருக்கோ?”

“வீட்ல இருக்கு.”

“நீர் பாத்தனீரோ?”

“சின்ன வயசில இருந்து பாக்குறேன் சேர். அதே எடம். எடது உச்சி.”

“கொண்டு வந்து காட்டும். எனக்கு அவசரமில்லை.”

“சான்று அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள் சேர். படம் சன்னல்ல ஆணி அடிச்சு இருக்கு.”

டொக்டர் சிரித்துவிட்டார். பிறகு எழுதினார்: ஆறிய பழைய தழும்பு, முந்தின படத்திலிருந்து மாற்றமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“உம்மட சொல்லுக்குத்தான் எழுதுறன்.”

கோப்பு போனது. பள்ளிக்கூடம் மார்ச்சில் பதில் அனுப்பியது: எல்லாம் சரி, விசா அனுமதி மட்டும் வரவேண்டும். ஏப்ரலிலும் அதே வரி. மே மாதமும் அதே வரி.

சிவஞானம் ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு றஹீமின் கடைக்கு நடந்தார். செய்தி கைபேசிக்கே வரும். பெரிய திரையில் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

“மாஸ்டர், வந்தா நானே லயத்துக்கு ஓடி வந்து சொல்லுவேன்,” என்பார் றஹீம்.

“நீங்க ஓட மாட்டீங்க றஹீம். ஒங்களுக்கு முட்டி வலி.”

தீவில் ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டும். குசினிக் கதவின் உட்புறத்துக்குக் கறுப்பு மை அடித்தார். பெரியாயியை வாங்கில் உட்கார வைத்து வகையீட்டுக் கணக்குப் பாடம் நடத்தினார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள். வளைகோடு ஒன்றைக் கீறி, ஒரு புள்ளியைத் தொட்டு, இங்கே சாய்வு என்ன மேடம் என்று ஆங்கிலத்தில் கேட்பார். பிறகு தமிழிலும் கேட்பார்.

“நாப்பது வருசம் கூடையோட ஏறி எறங்கினேன். சாய்வு என்னான்னு என் முட்டியக் கேளுங்க.”

“இந்த வகுப்புல ஒரே புள்ள. அதுவும் பெயில்,” என்பார்.

பெட்டியும் தயார். கொழுந்து நிறுக்கிற தராசில் வைத்து முப்பது கிலோவுக்குச் சரிபார்த்தார். பாதி உடுப்பு. பாதி, கையால் எழுதிய உயர்தரக் குறிப்புகள், பதினான்கு கொப்பி. விமான நிலையத்தில் யாரும் தூக்க மாட்டார்கள் என்று, அந்தப் பெட்டியை இடது கையில் பிடித்து லயத்துப் படியில் ஏறி இறங்கிப் பழகினார்.

மே கடைசியில் இடது தோள் வலித்தது. எல்லோரும் பெட்டியைக் குறை சொன்னார்கள். நிசாந்தினியும் சொன்னாள். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தால் தைலம் தேய்த்துவிட்டாள். ஜூனில் வலி கை வழியாகச் சுண்டுவிரலுக்கு இறங்கியது. ஜூலையில் தேநீர்க் கோப்பை இடது கையிலிருந்து நழுவி விழுந்தது.

“பெட்டிய இனித் தொடாதீங்கப்பா.”

“வெசா வந்தா யார் தூக்குறது? நீயா வரப்போற?”

நுரையீரல் உச்சியில் வளர்கிற கட்டி கைக்குப் போகும் நரம்பை அழுத்தும். முதலில் தோள், பிறகு சுண்டுவிரல், பிறகு கைப்பலம். அவள் படித்த புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் அவளுக்கு நினைவு வரவில்லை. பழைய தழும்பு என்று தாளில் இருந்தது. தாளில் இருந்தது அவள் சொன்னது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, வெயில் பட்ட வாசலில் அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். இடது கண் இமை பாதி இறங்கியிருந்தது. வலது கண்மணியைவிட இடது சிறிதாக இருந்தது. புத்தகத்தின் அந்தப் பக்கம் முழுதும் நிசாந்தினிக்கு நினைவுக்கு வந்தது.

அன்றே பதுளைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தாள். திட்டு எலுமிச்சங்காய் அளவு. அதன் மேலே முதலாம் விலா எலும்பின் ஒரு பகுதியைக் காணவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குறட்டை எடுத்துக்கொண்டு குசினிக்கு வெளியே போனாள். சன்னலில் நான்கு மரச் சட்டங்கள், பதினொரு ஆணிகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். படத்தின் மேல் மூலை ஒன்று சட்டத்துக்குள் மடித்து மறைக்கப்பட்டிருந்தது. விரித்தாள். அவர் பெயர், வயது இருபத்து நான்கு, வருடம். பக்கத்தில் வலது என்பதைக் குறிக்கும் வெள்ளை எழுத்து.

வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். தழும்பும் அந்த எழுத்தும் ஒரே பக்கம். பழைய தழும்பு வலது நுரையீரலில். இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கீழ்ப் பாதி வெட்டப்படாமல் இருந்திருந்தால், இதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்திருக்கும்.

உள்ளே சிவஞானம் வலது கையில் கோப்பையோடு ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றார்.

“என்னா பாப்பா, சன்னலக் கழட்டிட்ட? காத்து வருது.”

“அப்பா, இந்தப் பொட்டு எனக்கு எப்பவும் எடது பக்கமாத்தான் தெரிஞ்சிச்சு.”

“உள்ள இருந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும். கண்ணாடில எடம் வலம் மாறுமே, அந்தத் தெறிப்பு மாதிரி. ஒனக்கு ஒம்பதாம் வகுப்புல...”

நிறுத்தினார். கோப்பையைச் சன்னல் கட்டையில் வைத்தார். விளங்க அரை நிமிடம் எடுத்தது. அவருக்கு அது நீண்ட நேரம்.

“டொக்டர் கேட்டாரா?”

“கேட்டாரு. அதே எடம்னு சொன்னேன்.”

“எப்ப?”

“சனவரியில.”

அவர் மாதங்களை எண்ணவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். இடது இமை இறங்கியே இருந்தது.

“ஆணி அடிச்சது நான். வெளிய நின்னு, படத்த நேராப் பாத்து அடிச்சேன். நீ உள்ள இருந்து பாத்த. இதுல ஒன் பெழ என்னா இருக்கு?”

“கழட்டிப் பாத்திருக்கணும்பா.”

“மூலைய மடிச்சதும் நாந்தான். அப்ப டீபி வூடுன்னு தெரிஞ்சா ஒங்கம்மா கையால ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. பேரு தெரியக் கூடாதுன்னு மடிச்சேன்.” கோப்பையை எடுத்தார். “அம்மாக்கிட்ட இந்தக் கதையச் சொல்லாத. அது என்னத்தான் ஏசும்.”

திங்கட்கிழமை இரண்டு படங்களையும் டொக்டரிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “என்னிலயும் பிழை இருக்கு. பாக்காமல் எழுதியிருக்கக் கூடாது,” என்றார். நிசாந்தினிக்கு அதில் பங்கு கொடுக்க மனமில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தாள். கொழும்பில் பார்த்த நிபுணரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஜனவரியில் என்றால் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார் அவர்.

விசா அனுமதி செப்டம்பர் பதினொன்றாம் திகதி வந்தது. றஹீம் ஓடித்தான் வந்தார், முட்டி வலியோடு, தாளில் அச்சடித்து. சிவஞானம் அதைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு வாசித்தார். தொண்ணூறு நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்று இருந்தது.

“தொண்ணூறு நாள் இருக்கு,” என்றார் பெரியாயியிடம். “அதுக்குள்ள கை சரியாகிட்டா போயிடலாம்.”

“போங்க. மீனெல்லாம் வரிசையில நிக்குது,” என்றாள் பெரியாயி. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு நாள் இருந்தார். கடைசி வாரத்தில் வலது கையால் காற்றில் எதையோ எழுதினார். வளைகோடு போல இருந்தது என்று பெரியாயி சொன்னாள்.

பள்ளிக்கூடத்துக்கு நிசாந்தினி இரண்டு வரி அனுப்பினாள். அவர்கள் நான்கு வரி பதில் அனுப்பினார்கள். பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பெரியாயி குசினியில் நின்று கூப்பிட்டாள். சன்னல் ஓட்டையில் அட்டை வைத்திருந்தாள். மழையில் அது ஊறித் தொங்கியது.

“அந்தப் படத்த எடுத்து மறுபடி அடிச்சிடு பாப்பா. குளிர் தாங்க முடியல.”

“கண்ணாடி போடலாம்மா.”

“கண்ணாடி வேணாம். அதுவே இருக்கட்டும். இத்தன வருசம் பாத்துப் பழகினது.”

நிசாந்தினி படத்தைத் துடைத்தாள். ஓட்டையில் வைத்தாள். எடுத்தாள். புரட்டி வைத்தாள். மடிந்த மூலையை நீவி நேராக்கினாள்.

“எந்தப் பக்கமா இருந்தா என்னா? காத்து வராம இருந்தாச் சரி,” என்றாள் பெரியாயி.

“ஒரு பக்கம் இருக்கும்மா.”

படத்தைச் சரியாக வைத்தால், அதில் இருப்பவர் பார்ப்பவரை நோக்கி நிற்பார். இத்தனை வருடமும் அவர் குசினிக்கு முதுகைக் காட்டி, கொழுந்துப் பாதையைப் பார்த்து நின்றிருக்கிறார். இந்த முறை அவள் உள்ளே நின்று ஆணி அடித்தாள். பெயர் தெரிகிற மாதிரி.