சங்குக்குக் காத்திருக்கும் பன்றி

எங்கள் சவாயி தீவில் சாயங்காலம் சங்கு ஊதினால் யாரும் வெளியே நடமாடக் கூடாது. மறு சங்கு ஊதும்வரை அவரவர் வீட்டில் ஜெபத்துக்கு உட்கார வேண்டும். மீறுகிறவர்களைப் பிடிக்க வாலிபர்கள் சாலையோரம் நிற்பார்கள். இது பக்கத்து வீட்டு பெனினா அக்காவுக்குத் தெரியும். அவருடைய பன்றிக்கும் தெரிந்துபோனதுதான் சங்கடம்.

பெனினா அக்கா கோயில் பாய்களைத் துவைப்பவர். பாடற்குழுவில் அவர் குரல்தான் மேலே நிற்கும். கோபத்திலும் அப்படித்தான். புதுக் கோயில் திறப்பு விருந்துக்குத் தன் பெரிய பன்றியைத் தருவதாகச் சபை நடுவே சொல்லிவிட்டார். அந்தப் பன்றியோ சங்கு ஊதியதும் கல்வேலியைச் சரித்துக்கொண்டு, எதிர்வீட்டு இயோசெஃபோவின் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்கு ஆர அமர நடந்து போகும்.

"பெனினா, இனிமே அது என் தோட்டத்துல கால் வெச்சா கோடாலிதான். ஊர்ப் பெரியவங்களும் சரின்னுட்டாங்க" என்றார் இயோசெஃபோ.

"வெட்டு, நல்லா வெட்டு! அப்புறம் விருந்துக்கு உன்னைத்தான் சுடணும்."

அக்காவின் புருஷன் தாவிதா வேலிமேல் இன்னும் நாலு கல் வைத்தார். "இனி ஒரு ஆளும் ஏறி வர முடியாது."

"பன்னி என்ன, ஆளா?" அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றும் சங்கு ஊதியது. கல் சரிந்தது. எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. ஜெபத்தில் இருந்த எல்லோரும் ஒற்றைக் கண்ணால் பார்த்தோம். பன்றி கிழங்கைத் தோண்டித் தின்றது. இயோசெஃபோவும் எழ முடியாமல், மடியில் கோடாலியோடு பாயில் உட்கார்ந்திருந்தார். தாவிதாவின் ஜெபம் நீண்டுகொண்டே போனது.

"ஏங்க, ஆமென் சொல்லுங்க."

"கர்த்தர்கிட்ட அவசரம் கூடாது, பெனினா."

"கர்த்தர் காத்திருப்பாரு. அந்த இயோசெஃபோ காத்திருப்பானா?"

மறு சங்கு ஊதியதுதான் தாமதம், அக்காவும் இயோசெஃபோவும் ஓடினார்கள். அக்கா முந்திப்போய்ப் பன்றியின்மேல் விழுந்து கட்டிக்கொண்டார். "வெட்டுறதுன்னா என்னையும் சேத்து வெட்டு!" கோடாலி இறங்கியது, தரைக்கு.

மறுநாள் முதல் சங்குக்கு முன்பே பன்றி வீட்டுக்குள் வந்துவிட்டது. தூணில் கட்டு, கீழே பழைய பாய். பாட்டு ஆரம்பித்ததும் அதுவும் உறுமியது.

"பெனினா! உங்க வீட்ல யாரோ சுருதி விட்டுப் பாடுறாங்களே?" ஜெபம் முடிந்ததும் இயோசெஃபோ எதிர்வீட்டிலிருந்து கத்தினார்.

"பன்னி ஒழுங்காத்தான் பாடுச்சு. சுருதி விட்டது எங்க வீட்டுக்காரர்!"

தேவன் கிருபையால் பன்றி முழுசாக விருந்துக்கு வந்து சேர்ந்தது. அக்கா மட்டும் அந்த இறைச்சியைத் தொடவில்லை. இயோசெஃபோ இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

"என்ன ருசி, பெனினா!"

"இருக்காதா பின்னே? அத்தனையும் உன் கிழங்குதானேப்பா."