நிழலுக்குக் குலுக்கல்

ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும்போதுதான் ஷேக் பரீது அரசியல் பேசுவார். அதனால் பேச்செல்லாம் கத்தல். ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷ வேலை. காது பாதி போய்விட்டது. மீன் கட்டும் பாலித்தீன் பையில் இரண்டு புத்தகம் வைத்திருக்கிறார். ஒன்று நம் அரசியல் சட்டம். இன்னொன்று கிரேக்க ஞானிகள் ஆட்சியைப் பற்றிச் சொன்னவை, அட்டை கிழிந்தது.

"கப்பல ஓட்டத் தெரிஞ்சவன்தான் ஓட்டணும்னு ஒரு கெழவர் எழுதியிருக்காரு. சரிதான். எங்கிட்டுப் போகணும்னு யாரு சொல்றது? அதுக்குத்தான் ஓட்டு!" என்பார். ஐஸ் வாங்க வந்தவர் கரைகிறதே என்று நெளிவார்.

போன மாதம் மீன் விற்கும் இடத்தில் தகரக் கூரை போட்டார்கள். விற்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். நிழல் எட்டுப் பேருக்குத்தான். காத்தாயி ஆறு வருஷமாக வெயிலில் விற்பவள். பத்து மணிக்குள் மீன் நைந்துவிடும், பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போவாள். கமிட்டிக்குத் தேர்தல் வைப்போம், கமிட்டி இடம் பிரிக்கட்டும் என்றார் சங்கத் தலைவர் திருப்பதி.

"சொந்தபந்தம் நெறைய உள்ளவங்கதான் கமிட்டிக்கு வருவாங்க," என்று கத்தினார் பரீது. "ஏதென்ஸ்ல பதவிக்கே குலுக்கிப் போட்டாங்க. எடத்துக்குக் குலுக்குனா என்ன? மாசம் ஒருக்கா!"

"அப்ப அந்த ஊருலயே போயி மீன் வித்துக்கிறவா, பாய்?" என்றாள் காத்தாயி.

"அங்க பொம்பளைக்குக் குலுக்கலும் இல்ல, ஓட்டும் இல்ல ஆத்தா. கூலிக்காரன ஆட்சியில சேக்காதீங்கன்னு இன்னொரு கெழவர் எழுதிட்டாரு. ஒன்னையும் என்னையும் ஆளாச் சேத்தது நம்ம சட்டம். எல்லாரையும் ஆளாச் சேக்குறத நம்ம சட்டத்துல எடுப்போம், குலுக்கல ஏதென்ஸ்ல எடுப்போம்."

முப்பது வருஷம் சங்கத்தில் செயலாளராக இருந்து, கை தூக்கச் சொல்லியே பழகிய எனக்குச் சுருக்கென்றது.

குலுக்கலே என்று முடிவானது. ஈரக் கையில் காகிதம் நிற்காது. ஐஸ் கம்பெனியின் நம்பர் போட்ட பித்தளை டோக்கன்களை வாளியில் போட்டுக் குலுக்கினார்கள்; எட்டு வரை நிழல். காத்தாயிக்கு மூன்று, டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டாள். பரீதின் மனைவி ஹஃப்சாவும் அங்கேதான் மீன் விற்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு. கொளுத்தும் வெயில்.

"பொண்டாட்டிய என்ன பண்ணச் சொல்லியிருக்காம் ஒங்க கெழவரு?" என்றாள் ஹஃப்சா. கூட்டம் சிரித்தது.

"பாய், ஒங்க வீட்டுக்கு மட்டும் இன்னொருக்கா போட்டுருவோமா?" என்று மெதுவாகக் கேட்டார் திருப்பதி.

"மூணாம் எடம் காத்தாயிக்கு, பன்னெண்டு எங்களுக்கு. முடிஞ்சுபோச்சு," என்று சிரித்தார் பரீது. ஹஃப்சாவின் மீன் அன்னக்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கடைசி இடத்துக்கு நடந்தார். இறக்கி வைத்தார். சூரியனுக்கு முதுகைக் காட்டி, தன் நிழல் மீன்மேல் விழும்படி குந்தி உட்கார்ந்தார்.