கையா, கலர் லைட்டா?

அன்று சந்தியில் கலர் லைட் சிவப்பில்தான் இருந்தது. அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. ஆனால் கண்டியில் பள்ளிக்கூட நேரத்தில் லைட்டை மட்டும் நம்பினால் ஒரு வாகனமும் நகராது. அதனால் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் நிற்பார். அவர் கையைக் காட்டினார், நான் ஸ்கூல் வேனை எடுத்தேன். சந்தி தாண்டி நின்ற இன்னொரு பொலிஸ்காரர் மறித்து, சிவப்பில் வந்தேன் என்று தண்டச் சீட்டை எழுதி, லைசனை வாங்கிக்கொண்டார். இடையில் நின்ற பஸ் அந்தக் கையை அவருக்கு மறைத்திருந்தது. சொன்னேன். கேட்கவில்லை.

தபால் கந்தோரில் தண்டத்தைக் கட்டினால் லைசன் திரும்பி வரும்; கட்டாவிட்டால் நீதிமன்றம் போக வேண்டும். கட்டிவிடுவதுதான் சுலபம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் செய்திருப்பேன். ஆனால் அன்று மாலையே வேன் பிள்ளைகளின் தாய்மாருடைய வட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் எழுதிவிட்டார்: "புள்ளைகள ஏத்திக்கிட்டு சிவப்புல போயிருக்கா. நான் மகன வேற வேன்ல போடுறேன்." தாங்களும் யோசிப்பதாகக் கீழே இன்னும் சிலர் எழுதினார்கள். கட்டினால் நான் அதை ஒத்துக்கொண்டவள். அந்தப் பெயரோடு அடுத்தவர் பிள்ளைகளை ஏற்ற முடியாது.

மஹய்யாவையில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை.

"கோட்டுக்குப் போய் நீ என்னத்தப் பேசப் போற? கட்டிட்டு வேலையப் பாரு," என்றார் கணவர்.

"நீங்களே கட்டுங்க. நாளையில இருந்து வேனையும் நீங்களே ஓட்டுங்க."

அவருக்கு வேன் ஓட்டத் தெரியாது.

நீதிமன்றத்தில் எல்லாரும் வரிசையாகக் குற்றத்தை ஒத்துக்கொண்டு போனார்கள். என் முறை வந்ததும், "நான் சுற்றவாளி," என்றேன். குற்றம் செய்யவில்லை என்பதற்கு அங்கே அதுதான் சொல். பின்னாலிருந்து ஒருவன், "அக்காவுக்கு வீட்டுல வேலை இல்ல போல," என்றான். திரும்பி முறைத்தேன். வழக்கைத் தள்ளிப் போட்டார்கள். மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். லைசனுக்குப் பதிலாகக் கொடுத்த தற்காலிகச் சீட்டை வைத்துக்கொண்டு பாதி காலியான வேனை ஓட்டினேன்.

விசாரணையன்று, சீட்டு எழுதியவர் சாட்சி சொல்ல ஏறினார். நீதவான் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"லைட் வேலை செய்ததா?"

"செய்தது, ஐயா."

"சந்தியில் யாராவது கடமையில் இருந்தாரா?"

"ஒருவர் இருந்தார்."

"லைட் வேலை செய்யும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"கையைக் காட்டி வாகனங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்." சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது.

"இந்த வேனை அனுப்பினாரா?"

"தெரியாது, ஐயா. பஸ் மறைத்தது."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரைப் பாதி மன்னித்தேன்.

விடுதலை என்றார்கள். வெளியே வந்து ஒரு பிளேன்டீ குடித்தேன். இத்தனை நாளும் வாயில் எதுவும் ருசித்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விடுதலை என்ற ஒரே சொல்லைக் குழுவில் போட்டேன்.

மறுநாள் காலை, குழுவில் முதலில் எழுதிய அந்தத் தாய் மகனோடு ரோட்டில் நின்றார்.

"மகனோட சீட் இருக்குங்களா?"

"அப்படியேதான் இருக்கு. ஏத்துங்க, நேரமாகுது."

அதே சந்தி. சிவப்பு லைட். அன்று என்னை அனுப்பிய அதே பொலிஸ்காரர் கையைக் காட்டினார். நான் நகரவில்லை. பின்னால் ஹோன் அடித்தார்கள். அவர் கத்திக்கொண்டே வந்தார். கண்ணாடியை இறக்கினேன்.

"கையா, லைட்டா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"கை! கை!" என்றார்.

பிள்ளைகளும் சேர்ந்து "கை! கை!" என்று கத்த, வேனை எடுத்தேன்.